பதினாறு சுற்று

மிசின் தட்டு பதினாறு தரம் சுற்றினால்
ஓர் உருண்டை முடியும்.
மீற்றர் இருக்கிறது, நான் வாயால்தான் எண்ணுவேன்.
பன்னிரண்டில் கை சுவிச்சுக்குப் போகும்.
போய்த் திரும்பி வரும்.

மல்லாவிச் சங்கத்தில் எனக்குச் சம்பளம்
உருண்டைக் கணக்கு.
சோளன் பக்கத்து வயல்.
வெட்டுகிற ஆட்கள் பக்கத்து வீடு.
பொலித்தீன் றோல் மட்டும் கப்பலேறி
ஒவ்வொரு தரமும் புது விலையோடு வரும்.

மாசியில் தவயோகத்தின் சினைப்பசு விழுந்தது.
டொக்டர் நிரோஜினி வயிற்றைக் கீறி
முழங்கை வரை கையை விட்டு இழுத்தார்.
வந்துகொண்டே இருந்தது,
வெள்ளை,
நான் இழுத்து ஒட்டிய வெள்ளை.
ஒரு முனையில் என் கத்தியின் சரிவு
அப்படியே கிடந்தது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

அடுத்த கிழமை பத்தில் நிறுத்தினேன்.
முப்பது உருண்டை. ஒருவருக்கும் சொல்லவில்லை.
வைகாசியில் பிரித்தால்
ஒன்பதில் சாம்பல்நிறப் பூஞ்சணம்,
ஈரச் சாக்கு மணம்.
சம்பளத்தில் பிடித்தார்கள். பிடிக்கத்தான் வேண்டும்.
கள்ளக் கணக்கைக் காற்று
ஒரு நாளும் விட்டுவைப்பதில்லை.

பிறகு சுற்றை விட்டுவிட்டுச் சோளனைப் பார்த்தேன்.
நீட்டு நீட்டாய் வெட்டிய தண்டு
உள்ளேயிருந்து பொலித்தீனைக் குத்துகிறது.
வெட்டுக் கத்தியைத் தீட்டி
விரல் மொழி அளவுக்குக் கொண்டுவந்தேன்.
அமுக்குகிற நேரத்தை அரை நிமிடம் கூட்டினேன்.
தேய்ந்துபோன இழுவை உருளைக்குச்
சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போர்த்தினேன்.
இப்போது பொலித்தீன் விறைத்து,
நுளம்பு மாதிரிப் பாடிக்கொண்டு ஏறுகிறது.
வெயிலில் சுற்றுவதில்லை.
பாலை மரத்து நிழல் மிசினுக்கு வரும்வரை
நானும் மிசினும் சும்மா இருப்போம்.
மயில் கொத்துகிற பக்கத்தை
வலை போட்டு மறைத்தேன்.

பதின்மூன்று.
பதின்மூன்றில் ஒன்றும் பழுதாகவில்லை.
மிஞ்சியது மூன்று சுற்று,
அளந்து பார்த்தேன், ஒரு சேலை நீளம்.
நாளுக்கு நாற்பது சேலை
மாட்டு வயிற்றுக்கும் குளத்துக்கும் போகாமல்
றோலிலேயே இருக்கிறது.
உரித்த பொலித்தீனை எண்ணித் திருப்பித் தந்தால்தான்
அடுத்த உருண்டை என்று
சங்கத்தில் சண்டை பிடித்து எழுதவைத்தேன்.
இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை.

ஆனியில் ஒரு உத்தியோகத்தர் வந்தார்,
மட்டக்களப்புப் பெடியன், சலவை மடிப்புக் கலையாத சேட்டு.
"பொலித்தீன் இன்னும் குறையவேணும் எண்டால்
பங்கர் முறைதான் நல்லம்" என்றார்.
கூட்டத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"ஆறடி ஆழம். கிண்டுறது லேசு."
பின்வரிசையிலிருந்து புவனராணி கேட்டாள்:
"எல் வடிவமோ, சேர்?"
சிரிப்பு வெடித்தது.
கதிரை ஒன்று சரிந்தது,
ஒருவர் கண்ணைத் துடைத்தார்.
பெடியன் தன் துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அதில் வடிவம் நீள்சதுரம்.

தவயோகம்தான் முதலில் கிண்டினார்,
மேட்டு நிலத்தில், சொல்லாமல், ஒரே நாளில்.
பக்கம் சரியாமல் வெட்டுவது எப்படி என்று
அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.
உழவு மெசினை ஏற்றி மிதித்து,
உரித்த பழைய பொலித்தீனைப் போட்டு,
மேலே மண்.

மற்றவர்களின் காணி பள்ளம்.
மாரியில் குழி கிணறாகும்.
அவர்களுக்கு என் பதின்மூன்றுதான்.

நாற்பத்தைந்தாம் நாள் திறந்தார்கள்.
மூடிய மண்ணைத் தள்ளி, பொலித்தீனைச் சுருட்டி எடுத்தபின்
புளித்த இனிப்பு மணம் ரோட்டுவரை வந்தது.
மாடுகள் கயிற்றை இழுத்தன.
கடகத்தோடு இறங்கிய தவயோகம்
தலையைக் குனிந்துகொண்டே இறங்கினார்.
மேலே கூரை இல்லை,
ஆடி வெயில்தான்.

நான் அடுத்த உருண்டையைத் தட்டில் ஏற்றினேன்.
ஒன்று. இரண்டு.