எதிர்மனுதாரர்

திங்கட்கிழமை. நாகர்கோவில், கலெக்டர் ஆபீஸ் வாசல்.
மனு எழுதுகிற சுயம்புலிங்கம் கேட்டார்:
"பொருள் என்ன? அதிர்த்தித் தகராறா?
விதவைப் பென்ஷனா?"
"ஒரு டாக்டரைப் பத்தி."
பேனாவை மூடினார். திறந்தார்.
"ஆபரேஷன் தப்பாப் போச்சா?"

ஆபரேஷன் ஒன்றும் நடக்கவில்லை.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
எனக்க மவ ரெஜிலாவுக்கு அன்று இருபத்திரண்டு.
அவளுக்கு ஷைனியைப் பிடிக்கும்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு
இரண்டு வருஷம் பிடித்தது.

மாற்றிவிடலாம் என்றார் டாக்டர்,
கரண்டு மீட்டரை மாற்றுவது போல.
ஒரு சிட்டிங்குக்கு ஆயிரத்து ஐநூறு.
ஒட்டுபால் விற்ற காசு.
அவளுக்க அப்பா
சபையில் சாட்சி சொல்ல
அதற்குள் நாள் குறித்துவிட்டார்.

மாத்திரையில் பிள்ளைக்கு உதடு உலர்ந்து வெடித்தது.
மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையம்.
ஷைனி நினைப்பு வரும்போதெல்லாம்
சுண்டி அடிக்க வேண்டும்,
சிவக்கிற வரை.

நாங்கள் குலசேகரத்துக்காரர்,
விடியுமுன்னே தலையில் விளக்கு கட்டிப்
பால் வெட்டப் போகிறவர்.
மழைக்காலத்தில் மரத்துக்குப் பாவாடை கட்டுவோம்.
கத்தி பட்டையில் மட்டும் ஓட வேண்டும்.
தடியைத் தொட்டுவிட்டால் மரம் முண்டு கட்டும்,
அந்த இடத்தில் பிறகு பால் இறங்காது.
மரத்துக்கே ஆழம் பார்ப்போம்.
எனக்க சிரட்டையில் சொட்டின பால்
எந்தெந்த ஊரோ சுற்றி
வளையமாகத் திரும்பி வந்து
எனக்க மவளை அடிக்குது என்று
அப்பம் யோசிக்கல்ல.
இப்பம் யோசிக்கேன்.

இதற்குச் சட்டம் உண்டா,
சுயம்புலிங்கத்துக்குத் தெரியவில்லை.
பணமும் வாங்கவில்லை.
கோர்ட்டு வளாகத்தில், சட்ட உதவி மையத்தில்
பிரிஜிதா வக்கீலுக்குத் தெரிந்திருந்தது.
"இதுக்குன்னு தனிச் சட்டம் வரல்ல, அம்மா.
ஆனா மாத்தப் பாக்கப்பிடாதுன்னு
ஹைகோர்ட்டு சொல்லியாச்சு.
செய்த டாக்டர் தொழில் ஒழுங்கு மீறினவர்னு
மருத்துவ ஆணையமும் எழுதியாச்சு.
சென்னைக்கு, மெடிக்கல் கவுன்சிலுக்கு, பதிவுத் தபால்.
மருந்துச் சீட்டு, ரசீது, தேதி எல்லாம் வேணும்.
யாராவது மிரட்டினா போலீசுக்கு, அது வேற மனு.
மொதல்ல பிள்ளைகிட்டக் கேளுங்க.
அவ சம்மதிக்காம ஒரு வரியும் போகப்பிடாது."

முன்பு யாரும் அவளிடம் கேட்கவில்லை.
கிளினிக்கின் ஒப்புதல் தாளில் கிடப்பது
என் கையெழுத்து.

ஆகவே எதிர்மனுதாரர் என்ற இடத்தில்
ஒன்று என்று போட்டு டாக்டர் பெயரும்
இரண்டு என்று போட்டு
த. கமலபாய் என்றும் எழுதினேன்.
"மனுதாரரும் நீங்கதானே?"
"ஆமா."
"அப்படிப் போட முடியாது, அம்மா."
பிரிஜிதா அடித்தாள்.
கோடு மெலிசு. பெயர் தெரிந்தது.

ரெஜிலா இப்போது திருவனந்தபுரத்தில், ஒரு லேபில்.
இரண்டு கிறிஸ்மசுக்கு வரவில்லை.
ஏழெட்டு மணி அடித்த பிறகு எடுத்தாள்.
நான் ஒன்றும் பேசவில்லை, மனுவை வாசித்தேன்.
அவளும் ஒன்றும் பேசவில்லை.
"மேற்படி மருத்துவரிடம் ஆறு தடவை
அழைத்துச் சென்றோம்" என்ற இடத்தில்,
"ஏழு" என்றாள்.

"ஆறு ரசீதுதான் இருக்கு, மக்களே."

"ஏழு. கடைசி நாளு ரசீது தரல்ல.
நல்ல மழை.
நீங்க எனக்க செருப்பப் பிடிச்சிட்டு
வெளிய நின்னீங்க."

ஆறை அடித்து ஏழு எழுதினேன்.
அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில்
கையெழுத்து வைக்க வேண்டுமாம்.
வைத்தேன்.

"ம். அடுத்த வரி வாசிங்க" என்றாள்.