எழுபத்து நான்கு கிலோ

இறக்கை பழையது.
ரோவனியேமியில் விவாகரத்தான ஒருவர்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.
நடுக்குழாயில் ஒட்டியிருந்த தகடு
ஒன்றே ஒன்றுதான் சொன்னது:
எனக்குக் கீழே தொங்கலாம்
நூற்றுத் தொண்ணூறு கிலோ.

தகட்டோடு பேரம் பேச முடியாது.
தாளை எடுத்தேன்.
சட்டமும் மூன்று சக்கரமும் நாற்பத்தெட்டு.
மோட்டார், விசிறி, பட்டை பதின்மூன்று.
கம்பிகள் ஐந்து.
விழுந்தால் விரியும் பாராசூட் பன்னிரண்டு.
பேட்டரி முப்பத்தெட்டு.
மிச்சம் மனிதனுக்கு:
எழுபத்து நான்கு.

நான் தொண்ணூற்றொன்று,
செருப்பில்லாமல்.

பெட்ரோல் என்றால் பெருந்தன்மை உண்டு,
போகப் போகத் தன்னைக் கரைத்து
வண்டியை லேசாக்கும்.
பேட்டரி அப்படியல்ல.
எல்லாம் கொடுத்து முடித்த பிறகும்
ஏறியபோது இருந்த அதே எடையில்
திரும்பி வந்து உட்காரும்,
சில விருந்தாளிகளைப் போல.

பேட்டரியில் பதினேழு கிலோ கழித்தால்
நானே பறக்கலாம்.
கணக்கைப் போட்டும் பார்த்தேன்,
இரவு இரண்டு மணிக்கு, யாருக்கும் தெரியாமல்.
இருபத்திரண்டு நிமிடம்.
ஹாபயார்வி ஏரியின் அக்கரைக்குப்
போய்ச் சேரலாம்.
திரும்பி வர முடியாது.

இருக்கையில் ஓட்டை போட்டேன், நானூறு கிராம் போனது.
முன்கவைக்கு வேறு குழாய், ஒன்றரைக் கிலோ.
வெண்ணெயை நிறுத்தினேன், நவம்பருக்குள் மூன்று.
டிசம்பரில் கிறிஸ்துமஸ் வந்தது.
அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அப்புறம்தான் ரைலி.
பல் செட் செய்பவள், ஐம்பத்தேழு கிலோ,
குளிருடையும் பூட்சும் சேர்த்து அறுபத்து மூன்று.
கிளைடரில் பத்து வருடம் தொங்கியவள்.
என் பற்றவைப்புகளைக்
கடைவாயில் சொத்தை தேடுவதுபோல்
டார்ச் அடித்துப் பார்த்தாள்.
மூன்றாவது இணைப்பைத் தட்டி,
"இது மறுபடி" என்றாள்.
அது மறுபடிதான்.

விசிறியைப் பெரிதாக்கி
வேகத்தைக் குறைத்தேன்.
மெதுவாகத் தொட்டால் காற்று சத்தம் போடுவதில்லை.
இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை,
நான்கு விசிறிகளை உடைத்துக் கற்றேன்.

பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
இந்தக் குளிரில் பேட்டரி
கையை மூடிக்கொள்ளும் கஞ்சன்.
எனவே முதல் நாளிரவு
சௌனாவின் உடைமாற்றும் அறையில்,
துண்டுகளுக்கும் பீர் புட்டிகளுக்கும் நடுவே,
கம்பளி போர்த்திப் படுக்கவைத்தேன்.
மனைவி எதுவும் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்த விதம்தான்
கொஞ்சம் உறுத்தியது.

பனியுறைந்த ஏரிதான் ஓடுதளம்.
துளையருகே தூண்டிலோடு குந்தியிருந்த உர்ப்போ
எழுந்திருக்கவும் இல்லை.
"எங்கே, சத்தத்தையே காணோம்?" என்றார்.
அதற்குள் அவள் எண்பது மீட்டரில்.

கம்பியைத் தள்ளினால் நிதானம்,
இழுத்தால் வேகம்.
திரும்ப வேண்டுமானால்
உடம்பையே ஒரு பக்கம் நகர்த்த வேண்டும்.
சுக்கான் கிடையாது.
ஓட்டுபவரின் எடைதான் சுக்கான்.
கீழே நின்ற என் தொண்ணூற்றொன்றும்
அவளோடு சேர்ந்து
வலப்பக்கம் சாய்ந்ததை
உர்ப்போ பார்த்துவிட்டார்.

ஏரிக்கு நடுவில் மோட்டாரை நிறுத்தினாள்.
சொல்லிவைத்த சோதனைதான்.
ஆனாலும் வயிற்றில் ஒரு படி இறங்கினேன்.
அந்த அமைதியில்
இறக்கைத் துணியின் சரசரப்பு கேட்டது.
பிறகு அவள் குரல்,
எனக்கல்ல, தனக்குத்தானே
எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
உயரம், நொடி, உயரம், நொடி.
நடுவில் ஒரு தும்மல்.
"நல்லாயிரு" என்று
உர்ப்போ அண்ணாந்து சொன்னார்,
அடுத்த வீட்டுத் தும்மலுக்குச் சொல்வதுபோல.
மேலிருந்து "நன்றி" வந்தது.

முப்பத்தொரு நிமிடம்.
இறங்கி வந்தவள் கண்ணிமையெல்லாம் பனித்தூள்.
"இடப்பக்கம் லேசாக இழுக்கிறது.
என் கணக்கில் இன்னும் பதினொரு கிலோ மிச்சம்.
அதில் என்ன வைக்கப் போகிறாய்?"
தெரியாது என்றேன்.

பெட்டியைக் கழற்றி, பழக்கதோஷத்தில்,
மீன் நிறுக்கும் தராசில் மாட்டினேன்.
முப்பத்தெட்டு.
எள்ளளவும் குறையவில்லை.
ஆனால் சூடாக இருந்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு
நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு
கரைவரை நடந்தேன்,
தேவைக்கு அதிகமாகவே மெதுவாக.