நாலு டிகிரி

சீனப் புத்தாண்டு முடிந்த பதினாறாம் நாள்
குப்பைத் தொட்டியடியில் நின்றிருந்தது,
சிவப்பு ரிப்பன்கூடக் கழற்றாமல்.
இலையில்லை. நான்கைந்து குச்சி, நிறைய முள்.
பக்கத்து வீட்டுக் கோ அக்கா
"ஹைதாங்" என்றார். "பூத்து முடித்துவிட்டது.
இந்த ஊரில் இனிப் பூக்காது. விடு."

அகராதியில் தேடினேன்: சீமைமாதுளை இனம்.
மாதுளைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.
கப்பலில் எது வந்திறங்கினாலும்
பெயர் வைக்க நமக்கு ஒரே வழிதான்.

யீஷூன் வராந்தாவில், சைக்கிளுக்கும்
செருப்பு அலமாரிக்கும் நடுவே வைத்தேன்.
இலை வந்தது. இலைமேல் இலை வந்தது.
பன்னிரண்டு மாதமும்
தண்ணீர் பில் மாதிரி
தவறாமல் வந்துகொண்டே இருந்தது.
பூ இல்லை.

படித்ததில் தெரிந்தது:
தூங்கினால்தான் இது விழிக்கும்.
ஏழு டிகிரிக்குக் கீழே
ஆயிரம் மணிநேரம்
வேர் முதல் நுனி வரை நடுங்கியாக வேண்டும்.
அப்படி நடுங்கினால்
தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால்,
தன் இலைக்கே முன்னால்,
பூத்துவிடுமாம்.

பள்ளியில் ஆறு பருவம் சொல்லித்தந்தார்கள்.
கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில்.
ஒப்பித்துப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு
ஜன்னலைப் பார்த்தால்
முப்பத்திரண்டு டிகிரி.

ஆனால் எனக்குப் பனி சம்பளத்தோடு வருகிறது.
செனோக்கோ குளிர்கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
முன்னறை பன்னிரண்டு: அது முன்பனி.
காய்கனி அறை நாலு: பின்பனி.
மீன் அறை மைனஸ் இருபத்தைந்து:
அதற்குத் தமிழில் பருவமில்லை.

முதல் தடவை, இலையெல்லாம் உருவி
கறுப்புப் பையில் சுற்றி
ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.
ஆறு வாரம். மொட்டு வந்தது,
மிளகளவுக்கு வந்தது,
தொட்டதும் உதிர்ந்தது.
ஆப்பிள் விடும் மூச்சு மொட்டைக் கொல்லும் என்று
பிறகுதான் படித்தேன்.
பழுத்தவற்றின் பக்கத்தில்
இன்னும் தொடங்காததை வைக்கக்கூடாது.
இதை மாமியார் வீட்டில் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் முட்டைக்கோஸ் ஓரம்.
சரக்குக் கணக்கெடுத்த அன்று
ரோஸ்லான் கண்டுபிடித்துவிட்டார்.
கையில் ஸ்கேனர். எதிரே
பட்டைக்குறி இல்லாத ஒரு தொட்டி.
மூச்சுப் புகைக்கு நடுவே
என்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்.
"செத்துவிட்டதா?"
"தூங்குகிறது."
கொஞ்சம் யோசித்துப் படிவத்தில் எழுதினார்:
கேரட், சேதம், ஒரு பெட்டி.
"எப்போது எழும்?"
"இன்னும் இருநூற்று நாற்பது மணிநேரம்."
அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷிஃப்டிலும்
பையை விலக்கி எட்டிப் பார்க்கிறார் என்று
பொட்டலப் பிரிவுத் தவமணி சொன்னாள்.

நவம்பர் மழையில்
பேருந்து ஓட்டுநரிடம் கெஞ்சி ஏற்றி
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பதினொன்றாம் நாள் விடியலில்,
இரவு வேலை முடிந்து லிஃப்ட் கதவு திறந்தபோது
வெறுங்குச்சியில் நேராகப் பூ.
காம்பென்று சொல்ல ஒன்றுமில்லை,
குச்சியே பொறுக்காமல் வெடித்த மாதிரி.
சிவப்பென்றும் சொல்ல முடியாது;
வெந்த இறாலுக்கும் செங்கல்லுக்கும்
இடையில் எங்கோ.
மூன்று. அண்ணாந்து எண்ணினால் ஏழு.
பூட்ஸைக் கழற்றாமல்
அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோ அக்கா விரல்விட்டு எண்ணினார்.
"புத்தாண்டுக்கு இன்னும் பத்து வாரம்.
இதற்கென்ன அவசரம்?"
திட்டிக்கொண்டே
நான் எடுத்துவைத்திருந்த பழைய ரிப்பனை வாங்கி
முள்ளில் படாமல் கட்டினார்.

சனிக்கிழமை டெங்கிச் சோதனைக்காரர் வந்தார்.
டார்ச் அடித்துத் தட்டில் தண்ணீர் தேடினார். இல்லை.
பூவைப் பார்த்தார்.
"பிளாஸ்டிக்தானே?" என்று கை நீட்டினார்.
நான் சொல்வதற்குள் முள் சொல்லிவிட்டது.

விரலைச் சப்பியபடி
அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போனார்.
ஏழாவது பூவுக்குப் பின்னால்,
ஒரு அவசரமும் இல்லாமல்,
இலை ஒன்று
மடிப்பு விரிந்துகொண்டிருந்தது.