மூன்றாவது தெறி

ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ்
சந்தியைத் தாண்டிவிடும்.
இப்போது ஐந்து முப்பத்தொன்பது.
கோபிசன் மூன்றாவது தெறியில் நிற்கிறான்.

நாக்கு ஒரு பக்கம் துருத்தியபடி,
நாடியை நெஞ்சில் குத்தியபடி.
தெறி துளைக்குள் தலை நீட்டும்,
வரம்பு நண்டு மாதிரி
ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

"அம்மா போடட்டே?"
"தொடாதேங்கோ."

எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?
என் மெசின் ஒரு தெறிக்கு மூன்று வினாடி கேட்கும்.
மணித்தியாலத்துக்கு இத்தனை என்று
பலகையில் எழுதியிருக்கும்,
குறைந்தால் சிவப்பால் சுழிப்பார்கள்.
நான் தைத்த தெறியை
ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பிள்ளை
தானே போடுகிறதா,
யாரும் போட்டுவிடுகிறார்களா,
சட்டையில் அது எழுதியிருக்காது.
கழுத்துத் துண்டில் வயது மட்டும்: 4.

நேற்று அரிசி கழுவினான்.
பாதி கிணற்றடிக்குப் போனது,
கோழிகளுக்குக் கலியாணம்.
முந்தநாள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு
குளக்கட்டு மட்டும் நடந்தான்.
கேட்டால், "கால் சரி, செருப்புத்தான் பிழை."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.
கட்டாவிட்டால் அவை தாமாகவே போகும்,
பழகின கைகள்.
காட்டுக்கரையில் மயில் கத்துகிறது.
தூரத்தில் பஸ் ஒருமுறை ஹோர்ன் அடிக்கிறது.

போட்டுவிட்டான்!

மூன்றாவது தெறி, நாலாவது துளை.
சட்டையின் ஒரு கரை முழங்காலுக்கு இறங்க
மறுகரையில் தொப்புள் தெரிகிறது.
அவனோ
முத்தையன்கட்டுத் துருசைத் தனியாளாய்த் திறந்தவன் போல
நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான்.

திருத்த மூன்று வினாடி.
திருத்தவில்லை.

பக்கத்து வீட்டு நிசாந்தியிடம் விட்டுவிட்டு
படலையால் ஓடும்போது பின்னால் கத்துகிறான்:
"கழட்டுறதும் நான்தான்!"

சந்தியில் புழுதி மட்டும் நிற்கிறது.
வரவுக் காசை வெட்டுவார்கள்.
அந்தக் காசில் பால்மா ஒரு பெட்டி வாங்கலாம்,
அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.
அடுத்த பஸ் ஏழுக்கு.

மதகில் குந்தினேன். பசித்தது.
விடிய அவன் பிடிவாதமாய் வாங்கிக் கட்டித் தந்த
சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தேன்.
முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் ஒன்று.
நகத்தால் கிளறினேன்,
பல்லாலும் கடித்துப் பார்த்தேன்.

அவிழவில்லை.