ஒரு சாண் திறப்பு

எட்டடித் தார்ப்பாய், நான்கு சவுக்குக் கழி,
கதவென்று சொல்ல ஒரு சாக்கு.
நெற்றியில் எண் எழுதுகிறேன்:
பண்ணவாடி 37, செங்கோடன் மனைவி குருவாயி.
எண்ணில்லாத குடிசையைச் சங்கம் பிரித்துப்போடும்.
பெயிண்ட் காயுமுன் ஒரு தட்டான் உட்கார்ந்துவிட்டது.
ஏழுக்கு இறகு முளைத்தது.

சேலத்திலிருந்து வந்த தாளில் விதிகள் பதினொன்று.
வாசித்துக் காட்டுவதும் என் சம்பளத்தில் சேர்த்தி.

மேட்டூர் தண்ணீர் விட்டுப்போன தரை
பார்க்கத் தரைபோலவே இருக்கும்.
பாளம் பாளமாய் வெடித்து, வெயிலில் வெளுத்து
ஓர் ஆட்டுக்குட்டியைத் தாங்கும்.
பரிசல் சுமந்து வரும் ஆளைத் தாங்காது.
கழியை ஊன்று. முழங்கை ஆழம் இறங்கினால் திரும்பு.
காலால் சோதிக்காதே,
கால் இரண்டுதான்.

நந்தியின் மடித்த முழங்காலைத் தண்ணீர் தொட்ட அன்றே
குடிசையைப் பிரி.
‘மீன் நல்லாப் படுது சார்’ என்பது பதில் ஆகாது.
ஆணி, உடைந்த பாட்டில், அறுந்த நைலான்
எதையும் விட்டுப்போகாதே.
தண்ணீர் பத்திரமாக மூடிவைத்து
அடுத்த கோடையில்
உன் பிள்ளையின் பாதத்தில் திருப்பித் தரும்.

பன்னிரண்டாவது விதி அச்சில் இல்லை.
பேனாவால் எழுதியவன் நான்,
போன தையில்
மாதேசனைச் சாக்கு விலக்கி இழுத்துப்போட்ட காலையில்.
குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து
ஓரமெல்லாம் மண் அணைத்திருந்தான்.
எறும்பு நுழைய இடமில்லை,
அவ்வளவு சுத்தமான வேலை.
முகம் நன்றாகச் சிவந்திருந்தது.
பக்கத்துப் பானையில் இரண்டு கெளுத்தி,
உயிரோடு.

ஆகவே: கனல் வெளியே.
எது எப்படியானாலும் தலைமாட்டில்
ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

குருவாயி கேட்டாள்:
‘குளிரும் அந்த ஒரு சாண் வழியாத்தானே சார் வருது?’
ஆமாம் என்றேன்.
அதற்குமேல் சொல்லத் தாளில் எதுவும் இல்லை.

இரவு, சங்கத்துக் குடிசையில்
அரிக்கேன் திரியைத் தாழ்த்திவிட்டு
நானே திறப்பில் துண்டைத் திணித்துப் படுத்தேன்.
மூன்று மணி இருக்கும்.
தொண்டையில் மண்ணெண்ணெய்.
நெற்றிப்பொட்டில் யாரோ பரிசல் தட்டுகிறார்கள்.
துண்டை உருவினேன்.
பனி நேராக என் காதுக்குள் வந்து படுத்தது.

வெளியே, கரையோரம் வரிசையாக,
ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு சாண் வெளிச்சம்.
எண்ணினேன். முப்பத்தாறு.
மறுபடி எண்ணினேன்.

கழியை எடுத்துக்கொண்டேன்.
ஊன்றி, கால் வைத்து,
ஊன்றி, கால் வைத்து,
ஓட முடியாத தரையில்.