லாபம்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஏசி ஒழுகும் தகரக் கொட்டகையில்
இடுப்புக்குக் கீழே இல்லாத ஒருவன்
தினமும் எங்களுக்காகச் செத்துக் கிடப்பான்.
ரப்பர் நெஞ்சு. உதட்டில் ஸ்பிரிட் வாசம்.
சரியான ஆழத்துக்கு அழுத்தினால்
உள்ளே ஒரு டிக்.
அந்த டிக்குக்காகத்தான்
ஒன்பது பேரும் முழங்கால் தேய்த்தோம்.

மாரிவிக் மேடம் கையில் ஸ்டாப் வாட்ச்.
"பத்து வரை நன்றாக ஓடுகிறாய்,
பதினொன்றில் ஏன் நொண்டுகிறாய்?"
அப்புறம்தான் கவனித்தேன்,
நான் எண்ணுவது தமிழில்.
பதினேழு என்று முழுசாய்ச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு துடிப்பு கைநழுவிப் போகிறது.
முப்பதை மூன்று பத்தாக உடை என்றாள்.
உடைத்தேன்.

முன்பு பார்த்தது அரிசி குடோன் வேலை.
ஆறு வருஷம் லாரியிலிருந்து மூட்டை எண்ணியவன்.
முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல
கீழக்கரை முதலாளி விட்டதே இல்லை.
லாபம், ரெண்டு, மூணு...
பக்கத்துப் பொம்மையில் ஹிலால்
வாஹித், இத்னேன் என்று அழுத்த,
தில்பகதூர் ஏக், துயி என்று மூச்சு வாங்க,
என் வாயில் லாபம்தான் வந்தது.
யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஆகஸ்டில் வண்டியில் மூன்றாம் ஆளாக ஏற்றினார்கள்.
பார், தொடாதே.
ஃபலஜ் அல் கபாயில், பகல் பதினொன்று.
சாரம் கட்டுகிறவன். யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
சட்டைப் பையில் ரீசார்ஜ் கார்டு,
பாதி சுரண்டியது.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும்.
மூன்றாவது மாற்றத்தில்
மாரிவிக் என்னைப் பார்த்தாள்.
மண்டியிட்டேன். தார் சுட்டது.
அழுத்தினேன்.

டிக் இல்லை.
விலா ஒன்று வேறு சத்தம் போட்டது.
நான் நின்றுவிட்டேனாம், அரை நொடி.
"எண்ணு!"
லாபம், ரெண்டு, மூணு...
கூட்டத்தில் ஒரு தமிழ் ஆள்
சட்டென்று என் முகத்தைப் பார்த்தான்.
என்னத்தை அளக்கிறான் இவன் என்பது போல.

ஆஸ்பத்திரிக் கதவு அவனை வாங்கிக்கொண்டு மூடியது.
கையெழுத்துப் போட்ட மஞ்சள் காகிதம் ஒன்று
எங்கள் கைக்கு வந்தது.
ஸ்ட்ரெச்சரைத் துடைத்தேன்.
குறைந்த சாமான்களை எண்ணி எழுதுவது
பயிற்சி ஆளின் வேலை.
கையுறைப் பெட்டியைத் திறந்து
முதல் ஜோடியை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

ஒன்று, என்றேன்.