கேட் மூடியிருக்கும்போது

நீடாமங்கலம் கேட்டில் பேருந்து நிற்கிறது.
என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
யாரும் எங்கும் போக முடியாது.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் ஜன்னல் ஜன்னலாக வருகிறார்.
என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு டிவிஎஸ் ஃபிப்டியில்
அவர்.
எதை வைத்துத் தெரிந்தது என்று எழுதமாட்டேன்.

வெளியில் கண்டால் நானாக வணக்கம் சொல்லக் கூடாது.
அவர்கள் பேசினால் பேசலாம்.
எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்:
தெருவில் நான் உங்களைத் தெரியாதவள்,
கோபித்துக்கொள்ளாதீர்கள்.
அவர் சிரித்தார்.
"ஊரே இப்ப அப்படித்தான் இருக்கு மேடம்."

இன்னொன்றும் சொன்னேன் அன்றைக்கு.
இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்,
உயிர் போகிற விஷயம் தவிர.
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.
எழுத்து நடுங்கியது.
குடிக்காததால் வரும் நடுக்கம் அது.

நான்காம் வாரம் ஒயர்கூடையில் விரால்.
உயிரோடு,
வாலால் என் மேசைக் காலை அடித்துக்கொண்டு.
வாங்கக் கூடாது என்று பயிற்சியில் உண்டு.
துள்ளுகிற விராலைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று
இல்லை.
"காசு குடுத்து வாங்கல, வாய்க்கால்ல கெடந்தது."
அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.
மகள் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள் என்று
அடுத்த வாரம் அவர் சொல்லும்போது
எனக்குப் பசித்தது.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கும் அவர் மனைவி
முழங்கைவரை சுணையோடு வந்து நிற்பார்.
"ஆமா, இல்ல. ஒண்ணு சொல்லுங்க போதும்.
மறுபடி குடிக்குதா?"
சொல்ல அவர் அனுமதி தந்திருக்கவில்லை.
உங்களுக்கு எப்படி இருக்கிறது, அதைப் பேசலாம் என்றேன்.
"எனக்கு என்ன இருக்கு" என்று படியிறங்கிவிட்டார்.

என் அம்மாவும் ஒரு காலத்தில்
ஒவ்வொரு கதவாகப் போய் இதே கேள்வியைக் கேட்டவர்.
அதை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது.
பவுலின் மேரியிடம் கொண்டுபோனேன், அவர்தான் எனக்கு மேற்பார்வை.
"அழுது முடிச்சிட்டு அவர் ஃபைலைத் தொடு" என்றார்.

பதினோராம் வாரம் சொன்னார்.
ஆற்றில் தண்ணீர் திறந்த ராத்திரி, மதகில் அவர் பணி.
விசில் ஊதாமல் ஷட்டரைத் தூக்கிவிட்டார்.
கீழே வலைபோட்டிருந்த இரண்டு பேர்
எப்படியோ கரையேறியிருக்கிறார்கள்.
"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான்."
பிறகு, "இன்னிக்கும் நைட்டு டூட்டி."
அறை முழுக்க அந்த வாசனை.

போனை அவர் பக்கம் தள்ளினேன்.
நீங்களே சொல்லிவிடுங்கள், இன்று வர முடியாதென்று.
மின்விசிறி சுற்றியது.
வெளியே யாரோ செருப்பைத் தேடினார்கள்.
அவர் எடுக்கவில்லை.
அவர் பார்த்திருக்கவே நான் எடுத்தேன்.

இன்றிரவு இவரை மதகில் விடாதீர்கள். அவ்வளவுதான்.
குடி என்ற சொல் என் வாயில் வரவில்லை.
எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

"விராலை வேணாம்னப்பவே
நான் புரிஞ்சிருக்கணும்" என்று எழுந்தார்.

செய்தது சரி என்றார் பவுலின் மேரி.
விதிப் புத்தகமும் அதையே சொன்னது.
அடுத்த புதன்கிழமை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில்
இரண்டும் வந்து உட்காரவில்லை.

இதில் பலவற்றை மாற்றியிருக்கிறேன்.
மதகு, மதகல்ல.
மகள் மகளாக இல்லாமலிருக்கலாம்.
கேட் உண்டு, இந்த கேட் அல்ல.
பவுலின் மேரி, கேட்டுக்கொண்டு எழுதிய பெயர்.
விராலை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

என்ஜின் பின்னோக்கி ஊர்ந்து வருகிறது.
அவர் நிமிர்கிறார்.
கண் தெளிவா, கலங்கலா,
நடுவில் வெள்ளரிக்கூடை.
மணி அடித்து, கேட் எழும்பி,
எல்லா வண்டியும் ஒரேயடியாக உறும
அவர் வாய் அசைந்தது.
வசவோ, மேடமோ, எதுவும் கேட்கவில்லை.

விதிப்படி
அவர் பேசிவிட்டதாகுமா அது?
கம்பியிலிருந்து பாதி கை எடுத்திருந்தேன்.
பேருந்து தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது.